திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் அமைப்பும் நொய்யலாற்றின் சீர்கேடும் (1925–2011)

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூரின் தொழில் வளர்ச்சி, உழைப்பால் உயர்ந்த சிறு முதலாளிகளின் வரலாறாக எழுதப்பட்டுள்ளது. நொய்யலாற்றின் சீர்கேடோ தனியொரு சுற்றுச்சூழல் வரலாறாக எழுதப்பட்டுள்ளது. ஒரே கூரையின்கீழ் நடந்த பனியன் உற்பத்தி பல பட்டறைகளாகப் பிரிந்த நிகழ்வே இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி என இக்கட்டுரை வாதிடுகிறது. பருத்திச் சந்தைக் காலம் தொடங்கிச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட 2011 வரையிலான காலம் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடை, ஜாப் ஒர்க், சாயப்பட்டறை, நொய்யல், ஒரத்துப்பாளையம் அணை

முன்னுரை

தமிழகத் தொழில் நகரங்களுள் திருப்பூர் அளவுக்கு ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றவை சிலவே. பமேலா காவ்த்தோர்ன் 1990களில் வெளியிட்ட ஆய்வுகள், ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகும் அமீபாவுக்கு இந்நகரின் நிறுவனங்களை ஒப்பிட்டன. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல், கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்த உழவர்கள் பனியன் தொழிலாளராகி, பின் முதலாளிகளாகிய பாதையை விரிவாகப் பேசியது. தம் உயர்வுக்கு அவர்கள் கூறிய காரணம் ‘உழைப்பு’ என்னும் ஒற்றைச் சொல். அச்சொல்லை அப்படியே ஏற்காமல், தாம் உழைத்ததோடு பிறரிடமிருந்து உழைப்பைப் பெறத் தெரிந்திருந்ததும் அதற்குள் அடங்கும் எனச் சாரி காட்டினார்.

மற்றொருபுறம், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் நொய்யல் வடிநிலத்தின் நீர், மண், கிணறுகள் ஆகியவற்றின் நிலையை ஆராய்ந்தனர். முதல் வகை எழுத்துகளில் ஆறு பின்புலமாக நிற்கிறது. இரண்டாம் வகையில் தொழில், கழிவை வெளியேற்றும் ஒரு மூலமாகச் சுருங்கிவிடுகிறது. கழிவு ஏன் அவ்விடத்தில், அவ்வளவில், எவருடைய பொறுப்பும் இன்றி வெளியேறியது என்னும் வினாவுக்குத் தொழிலின் உள்ளமைப்பை ஆராயாமல் விடை காண இயலாது.

திருப்பூர் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் கொடுமணலிலிருந்து தொடங்குவது வழக்கம். நொய்யலின் கரையில் இரும்பு உருக்கியும் கல்மணிகள் செய்தும் வாழ்ந்த அத்தொல்லூர், மேலைக் கடற்கரையையும் கருவூரையும் இணைத்த வணிகப் பெருவழியில் இருந்தது என்பது அகழாய்வுகளால் உறுதிப்பட்ட செய்தி. எனினும் கொடுமணலின் மணிக் கைவினைக்கும் திருப்பூரின் பனியனுக்கும் இடையே தொடர்ச்சி எதுவும் இல்லை. ஈராயிரம் ஆண்டுத் தொழில் மரபு என்று எழுதுவது ஊர்ப்பெருமைக்கு உதவலாம். இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றத்தை விளக்க அது உதவாது.

பருத்திச் சந்தை நகரம்

1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை திருப்பூரைத் தொட்டது. அதன்பின் காங்கயம், தாராபுரம், பல்லடம், அவிநாசி வட்டாரங்களில் விளைந்த பருத்தி வண்டிகளில் இங்கு வந்து சேர்ந்தது. கிறிஸ்டோபர் பேக்கர் தமிழக நாட்டுப்புறப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதியபோது கொங்கு நாட்டை ஆற்றுப்பாசனப் பகுதிகளிலிருந்தும் சமவெளிப் பகுதிகளிலிருந்தும் வேறுபடுத்தித் தனியொரு வகையாகக் கொண்டார். மழை குறைந்த மேட்டுநிலம், பாறையைக் குடைந்து தோண்டிய ஆழ்கிணறு, கவலை இறைத்துச் செய்த வேளாண்மை, அதில் குடும்பத்தோடு பாடுபட்ட உழவர் என்பன இப்பகுதியின் இயல்புகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கம்போடியாப் பருத்திக்குக் கிணற்றுப் பாசனம் பெரிதும் ஏற்றதாக இருந்தது. கிணற்றில் முதலிட்ட உழவனுக்கு ரொக்கம் கிடைத்தது.

பருத்தி அரைக்கும் ஆலைகளும் சிப்பம் கட்டும் அச்சகங்களும் இவ்வாறே எழுந்தன. 1917இல் திருப்பூர் நகராட்சியானது. 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தைத் தொடர்ந்து பருத்திக்கென ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் இங்கு அமைந்தது. 1925இல் தோன்றிய அகில பாரத நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுப் பணிகளுக்கும் திருப்பூரே மையமாயிற்று. கதர் உற்பத்தியும் விடுதலைப் போராட்டமும் இந்நகரில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரியில் கொடியேந்திச் சென்று தடியடிபட்டு உயிர்நீத்த குமரன் இந்நகரின் பெயரோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறார். கதர் இயக்கம் தொழில்நுட்ப வகையில் பனியனுக்கு வழிகோலவில்லை. ஆனால் நூல், துணி ஆகியவற்றை வாங்கி விற்கும் வணிகத் தொடர்புகள் நகரில் வேரூன்ற அதுவும் ஒரு காரணமாயிற்று.

பனியன் கம்பெனிகளின் தோற்றம்

அக்காலத்தில் பின்னலாடைக்குப் பெயர்பெற்ற நகரம் கல்கத்தா. அங்கு இத்தொழிலைக் கண்டுவந்த குலாம் காதர், 1925இல் திருப்பூரில் ‘பேபி நிட்டிங்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார் என்பதே இத்தொழிலின் தொடக்கமாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. முதல் முயற்சியாளர் இசுலாமியர் என்பதும், பின்னர் வந்தோருள் செட்டியார் உள்ளிட்ட பிற வணிகச் சமூகத்தினர் இருந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கன. திருப்பூர் என்றவுடன் கவுண்டர் முதலாளிகளை நினைக்கும் வழக்கம் 1960களுக்குப் பிற்பட்ட நிலைமையை முற்காலத்தின்மீது ஏற்றிப் பார்ப்பதாகும்.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் செயற்படத் தொடங்கியபோது கோயம்புத்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. பனியனுக்கு வேண்டிய நூல் அருகிலேயே கிடைத்தது. வட்டப் பின்னல் இயந்திரத்தை இயக்க மின்சாரமும் கிடைத்தது. 1942இல் 34ஆக இருந்த பின்னலாடை நிறுவனங்களின் எண்ணிக்கை 1961இல் 230ஆக உயர்ந்ததாக ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. இவற்றுள் குறிப்பிடத்தக்கவை, பின்னுதல், சலவை, வெட்டுதல், தைத்தல், மடித்துப் பெட்டியில் அடைத்தல் என அனைத்தையும் ஒரே வளாகத்தில் செய்த முழுமையான கம்பெனிகள் ஆகும். சரக்கு உள்நாட்டுச் சந்தைக்குச் சென்றது. அது பெரும்பாலும் வெள்ளைப் பனியன்.

ஆலை பிரிந்த வரலாறு

முழுமையான கம்பெனி ஏன் பிரிந்தது? இவ்வினாவுக்குத் தொழில் வட்டாரத்தில் கூறப்படும் விடை, அனுபவமுள்ள தொழிலாளி தானே முதலாளியாக விரும்பினான் என்பது. அது பொய்யன்று. நான்கு தையல் இயந்திரங்களும் வாடகைக்கு ஒரு கொட்டகையும் இருந்தால் தொழில் தொடங்கலாம் என்ற நிலையில், தோட்டத்தில் பங்குள்ள உழவர் குடும்பத்து இளைஞனுக்கு உறவினர் கடனும் நூல் வணிகரின் தவணையும் கைகொடுத்தன. முன்னாள் முதலாளியே பழைய இயந்திரத்தைத் தந்து, வேலையையும் தந்து, அவனை வெளியே அனுப்பி வைத்த நிகழ்வுகளும் உண்டு.

முன்னாள் முதலாளிக்கு அதனால் என்ன பயன் என்பதே இங்குக் கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்சக்தியைப் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்தால்தான் பொருந்தியது. நூறு பேர் வேலை செய்த ஒரு கம்பெனி, எட்டெட்டுப் பேர் கொண்ட பல கூடங்களானால் அச்சட்டத்தின் கை அங்கு நீளாது. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றிருந்த நகரில் இது சிறிய ஆதாயமன்று. மேலும், பின்னலாடை உற்பத்தி நெடுங்காலம் சிறுதொழில் துறைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது; 2000களின் நடுப்பகுதியில்தான் அவ்வொதுக்கீடு நீங்கியது. அதுவரை ஒரே பெயரில் வளர்வதைவிடப் பல பெயர்களில் பெருகுவதையே அரசின் கொள்கையும் ஊக்குவித்தது. மனைவி, தம்பி, மைத்துனர் பெயர்களில் நிறுவனங்கள் பதிவாயின.

இவ்வாறாக 1970களிலிருந்து திருப்பூரில் ஒரு பனியன் பல கூரைகளைக் கடந்தே உருப்பெற்றது. ஒருவர் நூல் வாங்குவார். வேறொருவரின் நிட்டிங் கூடத்தில் துணி பின்னப்படும். சலவைப் பட்டறைக்கோ சாயப்பட்டறைக்கோ செல்லும். பின் காலண்டரிங், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், காஜா, செக்கிங், அயர்னிங் என இடம் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு எனக் கூலி. இதற்கு வழங்கும் பெயர் ஜாப் ஒர்க். துணி யாருடையதோ அவர் அதைத் தொடுவதே இல்லை. துணியைத் தொடுபவருக்கு அது உரிமையில்லை. இவ்வேறுபாடு பின்னர் நீதிமன்றம்வரை சென்றது.

தொழிலாளர் நிலையிலும் இப்பிரிவினை வெளிப்பட்டது. 1984இல் பஞ்சப்படி கோரி நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. பல சங்கங்கள் இணைந்து நடத்திய அப்போராட்டம் திருப்பூர்த் தொழிலாளர் இயக்கத்தின் உச்சம். ஆனால் அதற்குப் பிற்பட்ட பத்தாண்டுகளில் ஒப்பந்ததாரர் வழி வேலையும் பீஸ் ரேட்டும் விரிந்தன. கைமடிக்கும் வேலையிலும் உதவியாளர் வேலையிலும் இருந்த பெண்கள் தையல் இயந்திரத்துக்கு வந்தனர். ஏற்றுமதி பெருகப் பெருக வெளிமாவட்டத்தினரும் பின்னர் வடமாநிலத்தவரும் சேர்ந்தனர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முதலாளியும் கூலி தரும் முதலாளியும் வேறுவேறாயினர். பஞ்சப்படியைப் பெற்ற சங்கங்கள் அதை யாரிடம் கேட்பது என்ற சிக்கலில் விழுந்தன எனலாம்.

வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு

1970களின் பிற்பகுதியில் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் பம்பாய் ஏற்றுமதியாளர்வழித் திருப்பூருக்கு வந்ததை ஏற்றுமதியின் தொடக்கமாகக் கூறுவர். 1985இல் ஏற்றுமதி மதிப்பு 20 கோடி ரூபாயை எட்டவில்லை. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. இருபதாண்டுகளுக்குள் அம்மதிப்பு 10,000 கோடியைக் கடந்தது. 2005இல் பல்லிழை ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுற்றமை இவ்வேகத்தைக் கூட்டியது. இவ்வெண்கள் பலராலும் எடுத்தாளப்பட்டவை. இவற்றுக்கு அடியில் நிகழ்ந்த வேதியியல் மாற்றமே அதிகம் பேசப்படாதது.

உள்நாட்டுப் பனியன் வெள்ளை. அதற்குச் சலவை மட்டும் போதும். பிளீச்சிங் பவுடரும் தண்ணீரும் செலவாகும். ஐரோப்பியக் கடைகள் கேட்டதோ வண்ண டீ-சர்ட். பருத்தித் துணியில் நிறம் நிலைக்க ரியாக்டிவ் சாயங்கள் பயன்பட்டன. இச்சாயம் நீரில் கரைந்து நிற்கவே விரும்பும். அதை இழையை நோக்கித் தள்ளுவதற்கு ஒரு லிட்டர் குளியலுக்குப் பல பத்து கிராம் வீதம் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ சேர்க்க வேண்டும். உப்பு துணியில் ஏறுவதில்லை. சேர்த்த உப்பு ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நிறத்தை நீக்கலாம், அங்ககக் கழிவைச் சிதைக்கலாம். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்துத் தெளியவைக்கும் பழைய சுத்திகரிப்பு முறையால் கரைந்த உப்பை நீக்க இயலாது. நிலத்திலோ ஆற்றிலோ விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. சாயக் குளியலின் உப்பு அதைப் போலப் பன்மடங்கு.

1980களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த சலவை, சாயப் பட்டறைகள் 1990களின் பிற்பகுதியில் 800க்கும் மேற்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஜாப் ஒர்க் பட்டறைகள். திறந்த வின்ச் தொட்டிகளில் நீரை மிகுதியாகச் செலவிட்டவை. திருப்பூரின் நிலத்தடி நீர் கெட்டபின் சுற்றியுள்ள சிற்றூர்க் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் வந்தது. கவலை இறைத்துப் பருத்தி விளைவித்த அதே கிணறுகள் இப்போது தண்ணீர் விற்றன. பயிரைவிட நீர் நல்ல விலைபோயிற்று என்பதால் உழவர் சிலர் அதை விரும்பியே செய்தனர்; அண்டைத் தோட்டத்துக் கிணறு வற்றியது. பின்னர், புதிய திருப்பூர்ப் பகுதி மேம்பாட்டுக் கழகம் தனியார் பங்கேற்போடு பவானியாற்று நீரைக் குழாய்வழிக் கொண்டுவந்தது. இதனால் உள்வரும் நீரின் சிக்கல் தீர்ந்தது. வெளியேறும் நீருக்கு அத்தகைய முதலீடு அக்கட்டத்தில் நிகழவில்லை.

சாயமிடும் கூலியைக் கிலோவுக்குப் பேசும்போது சுத்திகரிப்புச் செலவைச் சேர்க்கும் பட்டறை வேலையை இழக்கும். சேர்க்காத பட்டறைக்கு வேலை போகும். ஏற்றுமதியாளரோ கழிவு தமது வளாகத்தில் உண்டாகவில்லை என்பார். வெளிநாட்டு வணிக நிறுவனம் ஏற்றுமதியாளரையே அறியும், பட்டறையை அறியாது. முழுமையான கம்பெனி நிலைத்திருந்தால் ஆறு தப்பியிருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் கழிவுக்கு உரியவர் யார் என்ற வினாவுக்கு அப்போது ஒரு முகவரியாவது இருந்திருக்கும். 800 பட்டறைகளாகச் சிதறிய உற்பத்தியின் கழிவு ஒரே ஆற்றில் சேர்ந்தது.

ஒரத்துப்பாளையமும் நீதிமன்றமும்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறு. அணைக்கட்டுகளும் குளங்களும் கோத்த பழைய பாசன ஏற்பாடு அதற்கு உண்டு. கோவை நகரின் சாக்கடையும் இதில் கலக்கிறது என்பதை மறந்து திருப்பூரை மட்டும் குற்றஞ்சாட்டுவது முறையன்று. எனினும் கோடையில் திருப்பூருக்குக் கீழே ஓடியது பெரும்பாலும் சாயநீரே.

கீழ்ப்பகுதி நிலங்களுக்குப் பாசனம் தர ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டு 1992இல் நிறைவுற்றது. திட்டமிட்டபோது திருப்பூரின் தொழில் வெள்ளைப் பனியன் தொழிலாக இருந்தது. நிறைவுறும்போது அது வண்ணத் தொழிலாகிவிட்டது. சில ஆண்டுகளிலேயே அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. தண்ணீர் கேட்டுப் போராடுவதே ஆயக்கட்டுதாரர்களின் இயல்பு. இங்கோ அணையைத் திறக்காதீர்கள் என்று அவர்கள் கேட்க நேர்ந்தது. தேங்கிய நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறியது. தென்னை காய்ந்தது, மண் உவர்ந்தது, கால்நடைக்கும் குடிநீர் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

1996இல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் பகுதியையும் ஆராய்ந்து, 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. தலைக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வரவில்லை. அதே ஆண்டுகளில் நகரின் ஏற்றுமதி பல ஆயிரம் கோடி.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டும் என ஆணையிட்டது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக 10 பைசா வரை அபராதம் விதித்தது. சாயப்பட்டறையினரின் மேல்முறையீட்டை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளி, மூன்று மாத அவகாசம் மட்டும் அளித்தது. ஆணை நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள் நின்றன.

வழக்கில் எதிரெதிரே நின்ற ஆயக்கட்டு வேளாண்மையும் பனியன் தொழிலும் பெரிதும் ஒரே வேளாண் பின்புலத்திலிருந்து வந்தவை. சாரி விளக்கிய ‘உழைப்பு’ என்னும் சுயவரலாறு, ஆற்றுக்குக் கீழே இருந்த உழவனையும் உள்ளடக்கியதே. அவனது கிணறும் தோட்டமும் மட்டும் அதில் கணக்கில் வரவில்லை.

2011க்குப் பின்

மூடல் ஆணை, பிரிந்து கிடந்த தொழிலை ஓரளவு மீண்டும் திரளச் செய்தது. எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள், உப்பு மீட்பு ஆகிய கட்டங்களைக் கொண்ட சுத்திகரிப்பு ஏற்பாட்டைத் தனியாக அமைக்கப் பெரும் நிறுவனங்களால் மட்டுமே முடிந்தது. மற்றவை பொது நிலையங்களில் உறுப்பினராயின. அந்நிலையங்களை நிறைவு செய்யத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் அளவுக்கு வட்டியில்லாக் கடன் வழங்கியது. இரண்டிலும் சேர இயலாதவை மூடப்பட்டன, அல்லது உரிமமின்றி அண்டை மாவட்டங்களுக்குப் பெயர்ந்தன. சாயக் கூலியில் சுத்திகரிப்புச் செலவு இப்போது வெளிப்படையாக ஒரு கூறாகச் சேர்ந்துள்ளது. கழிவுக்கு உரியவர் யார் என்பதற்குத் திருப்பூர் கண்டுள்ள விடை, பட்டறை உரிமையாளர் பங்குதாரராக உள்ள பொது நிலையம் என்பதே. துணிக்கு உரியவரும் அதைக் கடல்கடந்து வாங்குபவரும் அவ்விடைக்கு வெளியேதான் உள்ளனர். ஏற்றுமதி 2020களில் 30,000 கோடியைக் கடந்த பின்னும் இந்நிலை மாறவில்லை.

மீட்கப்பட்ட நீரும் உப்புக் கரைசலும் மீண்டும் சாயத் தொட்டிக்குச் செல்கின்றன. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பும் வேதிக் கசடும் ஆற்றுக்குச் செல்லவில்லை. அவை மூட்டைகளாகக் கட்டப்பட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கப்பட்டுள்ளன.